ஏழு டீ, கூட ஒண்ணு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நடந்த கோளாறில் பாதி அந்த வாயால் வந்தது. இன்னொரு பாதி வேலுவால் வந்தது. வேலுவின் பாதியை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். என் பாதிதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

வேலு வெல்டர். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு. இடது புருவம் பாதிதான் இருக்கும்; எப்போதோ பொறி பட்டுப் போனது, திரும்ப முளைக்கவில்லை. காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ். திருவல்லிக்கேணியில் பீர் முஹம்மது பாயின் ஷெட்டில் ஒரு பக்கம் அவருடையது. மறுபக்கம் முழுக்கப் பாயின் இரும்புக் கயிறுகள். கிரேனில் பாரம் கட்ட, மாடிக்குச் சாமான் தூக்க, எங்கே இரும்புக் கயிறு வேண்டுமோ அங்கே பாய் இருப்பார். இருபத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே. பாய் பேசிக்கொண்டே இருப்பார், வேலு வேலை செய்துகொண்டே இருப்பார். யாராவது வந்து முதலாளி யார் என்று கேட்டால், இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஜன்னல் கிரில் வேலு போட்டது. அப்படித்தான் எனக்குப் பழக்கம். என் அப்பா ராமானுஜம் லேசில் யாரையும் மெச்சமாட்டார். அவரே வருகிறவர்களிடம், "நம்மாத்துக் கிரில்ல எங்கயாவது கோணல் இருக்கான்னு பாத்துண்டு வாங்கோ, காப்பி தரேன்" என்று சவால் விடுவார். வேலுவோடு மாட வீதியில் நடந்துபோவது மட்டும் பெரிய தொல்லை. நாலு வீட்டுக்கு ஒரு தரம் நின்று, கேட்டையோ கைப்பிடியையோ தடவிப் பார்த்து, "இது நம்ம கை, மேடம்" என்பார். தி.நகரில் ஒரு நகைக்கடை ஷட்டரை அப்படித் தடவப்போய், காவல்காரர் தடியோடு வந்துவிட்டாராம். அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

இன்னொரு விநோதமும் உண்டு. எட்டுப் பேருக்கு டீ சொல்ல வேண்டுமானால், "ஏழு டீ, கூட ஒண்ணு" என்பார். கடைசி டீ தனக்கு, அதனால் தன்னைச் சேர்க்காமல் தனியாகச் சொல்கிறார், மனுஷனுக்கு என்ன அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஜெயஸ்ரீ. பாலம் வரைகிறவள். ஆழ்வார்பேட்டையில் நாலு மேஜை போட்ட அலுவலகம். பெரிய பாலமெல்லாம் பெரிய இடத்துக்குப் போய்விடும். எனக்கு வருவது வாய்க்காலுக்கு மேல் ஸ்லாப், பள்ளிக்கூட வாசலில் நடைமேடை, இந்த மாதிரி. அதனால் அடையாற்றங்கரையில் ஒரு பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளைக்காரர்கள், நடந்து போக ஒரு தொங்கு பாலம் வேண்டும் என்று வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோட்டுப் பக்கம் ஒரு கரைச்சரிவு, அப்புறம் ஆற்றிலிருந்து உள்ளே ஏறி வருகிற தண்ணீர், அக்கரையில் மரங்கள். மொத்தம் முப்பது மீட்டர். நடுவில் கொக்கும் நாரையும் குடித்தனம் நடத்துவதால் தூண் ஊன்றக்கூடாது. பத்து நாளில் வரைந்துவிட்டேன். இரும்பு வேலை வேலுவுக்கு, கயிறு வேலை பாய்க்கு. வேறு யாரிடமும் கொடுக்கிற எண்ணமே எனக்கு இல்லை.

படத்தை மேஜையில் விரித்ததும் வேலு வெகுநேரம் அதையே பார்த்தார். ரோட்டுப் பக்கத்துச் சரிவில் ஒரு விரலை வைத்தவர் எடுக்கவேயில்லை.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க. கோச்சிக்கிறது அப்புறம்."

"இந்த பாலத்து மேல ஏறணும்னா இன்னா பண்ணணும்?"

"பூங்கா கேட்டுல நுழைஞ்சு, பாதையில கொஞ்ச தூரம் நடந்து, மேடை ஏறணும். ஏன்?"

"பாதைன்னா மண்ணுதானே மேடம். ரோட்டு பிளாட்பாரத்துலேர்ந்தே நேரா ஏற முடியாதா? மண்ணுல கால் வெக்காம?"

"ஏன், செருப்பு அழுக்காயிடுமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் சொன்னார்.

அந்தச் சரிவில்தான் அவர் வீடு இருந்தது. அங்கேதான் பிறந்தார். கல்யாணமாகி தேவானையைக் கூட்டி வந்ததும் அங்கேதான். வெல்டிங் கற்றுக்கொண்டு முதன்முதலில் தனக்கென்று அவர் செய்த சாமான் அந்த வீட்டுக் கதவு. எண்ணெய் டிரம்மை வெட்டி, தட்டி நிமிர்த்திச் செய்த தகரக் கதவு. மந்தைவெளியில் இரண்டு வீட்டு வேலை முடித்து சாயந்திரம் திரும்பும் தேவானை அதை விரல் முட்டியால் தட்டுவார். டங், டங். இரண்டே தட்டு.

"நான் உள்ள குந்திகினு 'யாரு?'ன்னு கேப்பேன் மேடம். அவதான்னு தெரியும். சொம்மா கேப்பேன். 'நான்தான்யா, தொற!'ன்னு கத்துவா. தெனம் கேப்பேன், தெனம் கத்துவா. பதினெட்டு வருசம்."

வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். கதவுக்குக் கதவு நம்பர் போட்டார்கள். அப்புறம் வீடுகளை இடிக்கிற மிஷின் வந்தது. எல்லோருக்கும் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு. லாரியில் ஏறும்போது தேவானை ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றி, இனி இந்த மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்றாராம். சொன்னபடியே வைக்கவில்லை. பஸ் அந்த வழியாகப் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

"ஆனா அவளுக்கு உசுரு பூரா அங்கதான் கீது. தூக்கத்துல கூட பக்கத்து வூட்டுக்காரிய கூப்புட்டு பேசறா மேடம். ஒரே ஒரு தபா இட்னு வந்து காட்டிட்டா போதும், மனசு ஆறிடும். மண்ணுலதானே கால் வெக்க மாட்டேன்னா? இது பாலம். மண்ணுல படாது. தொங்குது."

அடேயப்பா! பெண்டாட்டியின் சபதத்தில் ஒரு சந்து கண்டுபிடித்து, அதற்குள் என் பாலத்தைக் கொண்டுபோய் நுழைக்கப் பார்க்கிறார் இந்த மனுஷன். எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாக, "இதைப் படம் போடறதுக்கு முன்னாடி சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று கத்தினேன். எனக்கு அன்பு வந்தாலும் அந்தக் குரலில்தான் வரும்.

கயிற்றைத் தாங்குகிற ரோட்டோரக் கோபுரத்தைப் பிளாட்பாரம் வரை நகர்த்தினேன். முப்பது மீட்டர் முப்பத்தாறு ஆனது. கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் ரோட்டிலிருந்து நேராகப் பாலத்துக்கு வரலாம் என்று அறக்கட்டளைக்காரர்களிடம் விளக்கினேன். அது பொய்யில்லை. ஆகா, என்ன நல்ல யோசனை என்று பாராட்டினார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேலு பல்லெல்லாம் தெரிய வந்தார். "மேடம், நேத்து அவகிட்ட சொல்லிட்டேன். 'முடியட்டும், பாக்கலாம்'னா. வர மாட்டேன்னு சொல்லல மேடம்! பாக்கலாம்னா!"

தொங்கு பாலம் பெரிய மர்மம் இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடக் கொடி கட்டினால் நடுவில் தொய்யும் இல்லையா, அது மாதிரி இரண்டு பக்கமும் தடித்த இரும்புக் கயிறு. அதிலிருந்து வரிசையாகக் கம்பிகள் இறங்கும். கம்பிகளின் நுனியில் நடைபாதை. இந்தக் கம்பிகளை ஹேங்கர் என்போம். கயிறு தொய்வதால் ஓரத்து ஹேங்கர் இரண்டு ஆள் உயரம், நடுவில் இருப்பது இடுப்பு உயரம். பக்கத்துக்கு இருபத்துமூன்று. ஒன்று இடம் மாறினாலும் பாதை கோணிக்கொள்ளும். அதனால் எந்த ஹேங்கர் எத்தனை மில்லிமீட்டர் என்று வரிசையாகப் பட்டியல் எழுதி வேலுவிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகச் செய்து, சின்ன எவர்சில்வர் தகட்டில் நம்பரைக் குத்தி, அதைக் கம்பியில் கோத்து அனுப்பினார்.

சாமான் பூங்காவுக்கு வந்து இறங்கிய நேரம் பாய் ஊரில் இல்லை. ஆம்பூரில் தங்கை மகளுக்கு நிக்காஹ். அவருடைய ஆட்களை வைத்து மதுமதி வேலையை ஆரம்பித்தாள். மதுமதி என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர், கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு போன் செய்தாள்.

"மேம், ரெண்டு பக்கத்துலயும் எட்டாம் நம்பர் ஹேங்கர் இல்ல. ஆனா இருபத்துநாலுன்னு ரெண்டு எக்ஸ்ட்ரா வந்திருக்கு."

'அளந்து பார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு யார் மீதோ எரிச்சல், யார் மீது என்று இப்போது ஞாபகம்கூட இல்லை. "எட்டு ரெண்டு புதுசா வெட்டிக்கோ. இருபத்துநாலைத் தூக்கி ஓரமா போடு. மத்ததை நம்பர்படி மாட்டு" என்றேன். அதோடு விட்டேனா? வேலுவைக் கூப்பிட்டேன்.

"இருபத்துமூணு வரைக்கும் ஒழுங்கா எண்ணத் தெரியலையா வேலு? எண்ணத் தெரியாதவங்க கையில எதுக்கு இந்த வேலை?"

அந்தப் பக்கம் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரி மேடம்" என்றார். வைத்துவிட்டார்.

புதன்கிழமை பூங்காவுக்குப் போனேன். நடைபாதை முழுக்க மாட்டியாகிவிட்டது. ரோட்டுப் பக்கத்திலிருந்து எட்டாவது ஹேங்கர் வரை நல்ல பிள்ளையாக இருந்தது. அதற்கப்புறம் பள்ளம். நடுவைத் தாண்டியதும் மேலே ஏறி, அக்கரை மேடைக்கு ஒரு முழ உயரத்தில் போய் அந்தரத்தில் நின்றது. திங்கட்கிழமை பாரம் ஏற்றிச் சோதனை. மதுமதி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பாய் ஆம்பூரிலிருந்து இறங்கி, கையில் இனிப்புப் பெட்டியோடு நேராகப் பூங்காவுக்கு வந்தார்.

"யா அல்லா! இன்னாம்மா இது, ஒட்டகம் படுத்துகினு கீற மாரி கீது?"

நடந்ததைச் சொன்னேன். எட்டு இல்லை, இருபத்துநாலு இருந்தது என்றதும் பாய் இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் வேலு எட்டு எழுத மாட்டாம்மா! ஊருக்கே தெரியுமே!"

"எந்த ஊருக்கு பாய்?"

"ஷெட்டுல எல்லாத்துக்கும் தெரியும். ஏழுக்கு அப்பால ஒம்போதுதான். பதினெட்டுகூட சைபர் மேல சைபர் வெச்சிதான் குத்துவான். நான் எப்பவும் ஒண்ணு தள்ளி எண்ணிக்குவேன். நான் இருந்திருந்தா இந்த பேஜாரே இல்ல."

"ஏன் எழுத மாட்டார்?"

"நான் கேட்டதில்லம்மா. அது அவன் சமாச்சாரம். எட்டுன்னா சனின்னு நீங்க சொல்வீங்களே, அதுவா இருக்கும்."

டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓரமாகக் கிடந்த இருபத்துநாலை அளந்தேன். என் பட்டியலில் இருபத்துமூன்றாவது நீளம், அப்படியே. பள்ளத்தில் தொங்கிய ஒன்பதை அளந்தேன். பட்டியலில் எட்டாவது. ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனேன். நாற்பத்தாறில் ஒன்றுகூட ஒரு மில்லி பிசகவில்லை. அவர் ஒரு நம்பரைத் தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான். சரியாகச் செய்த வேலையைத் தப்பாக மாட்டச் சொன்னவள் நான். ஒரு காலி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கவும் முடியவில்லை, என் அப்பாவே வண்டி நம்பரைக் கூட்டிப் பார்த்து எட்டு வருகிறது என்று ஷோரூமில் சண்டை போட்டு வேறு நம்பர் வாங்கினவர்.

வேலு என் போனை எடுக்கவில்லை. பாய் கூப்பிட்டதும் எடுத்தார். பாய் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வாடிய முகத்தோடு வந்தார்.

"ஞாயித்துக்கெழம நீங்க பேசசொல்ல போனு ஸ்பீக்கர்ல இருந்துச்சாம். சாப்ட்டுகினு இருந்தாங்களாம். தேவானை பக்கத்துலயே. அவ வர மாட்டேன்னுட்டாளாம், பாலமும் வோணாம் ஒண்ணும் வோணாம்னு. இவனும் குந்திட்டான்."

எனக்குக் காது சுட்டது. ஆறு மாதமாக ஒரு மனுஷன் இரும்பை வளைத்து வளைத்து ஒரு 'பாக்கலாம்' வாங்கி வைத்திருந்தார். நான் ஒரு நிமிஷத்தில் அதைப் போட்டு உடைத்துவிட்டேன்.

பாய் இனிப்புப் பெட்டியை என் கையில் திணித்தார். "வெறுங்கையோட போவாதீங்க."

பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி. காலிங் பெல்லை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் குட்டையாக, கெட்டியாக, தலைமுடியை இறுக்கி முடிந்திருந்தார். தேவானை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அந்த மேடமு?"

"நான்தான்."

"என் வூட்டுக்காரருக்கு எண்ணத் தெரியாதுன்னியே. உனுக்கு தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைச்சேன். அளக்காம பேசிட்டேன். அவர் செஞ்ச நாப்பத்தாறும் சரி. தப்பு என்னுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளே வேலு லுங்கியோடு எழுந்து நின்றார். காதில் சாக்பீஸ் இல்லை. அது இல்லாமல் அவர் யாரோ மாதிரி இருந்தார். "வுடு தேவானை, வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சிகினு..."

"நீ சொம்மா இரு. நீ 'சரி மேடம், சரி மேடம்'னு தலையாட்டுனதாலதான் இம்மாம் பேச்சு." அப்புறம் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "திட்டுனதுகூட பரவால்லம்மா. வேலைன்னா திட்டுவாங்கதான். ஆனா அந்த எடத்துல ஒரு தபா எங்கள நிக்க வெச்சி அசிங்கப்படுத்தியாச்சி. மறுபடியும் அதே எடத்துக்கு வேலைன்னு கூப்ட்டு அசிங்கப்படுத்துனா, நான் எப்பிடிம்மா அங்க வருவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரிகளுக்கு அழுகையும் சீக்கிரம் வரும். தேவானை உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"வர்றதும் வராததும் உங்க இஷ்டம். அதை நான் கேக்க முடியாது" என்றேன். "ஆனா அவர் வேலையில குத்தம் இல்லைன்னு நான் சொன்னா நீங்க ஏன் நம்பணும்? ஒரு நாள் வந்து நீங்களே எண்ணிப் பாருங்க."

வேலு மட்டும், "நாளைக்கு காலைல வந்துடறேன் மேடம்" என்றார். எனக்கு நிம்மதியில் வாய் திறந்துகொண்டது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "எட்டு ஆகாதுன்னா முன்னாடியே சொல்லக்கூடாதா வேலு? எங்கப்பாவும் அப்படித்தான். சனிக்கிழமை எள் தீபம் ஏத்தினா தோஷம் போயிடும்பார்" என்று கிண்டலடித்தேன்.

தேவானை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா எட்டு?"

"எட்டு எழுத மாட்டாராமே இவர். ஏழுக்கு அப்புறம் ஒம்போதுதானாமே. உங்களுக்குத் தெரியாதா?"

"எத்தினி வருசமாய்யா?" என்று தேவானை கேட்டார். வேலு தரையைப் பார்த்தார். "ஏத்திடலாம் மேடம், எள் தீபம்தானே" என்று என்னிடம் சொன்னார். புருஷனின் மூடநம்பிக்கை இன்றைக்குத்தான் பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே படியிறங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

நாலு நாள் வேலை பேய் மாதிரி நடந்தது. பாய் கயிற்றின் மேல், வேலு நடைபாதையில், மதுமதி லெவல் கருவியோடு கரையில், நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு எல்லா இடத்திலும். ஒவ்வொரு ஹேங்கராகக் கழற்றி ஒரு இடம் நகர்த்தினோம். இருபத்துநாலு இருபத்துமூன்றின் இடத்துக்குப் போனது. நான் புதிதாக வெட்டச் சொன்ன இரண்டு கம்பிகளையும் ஆட்டோவில் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துவந்தேன். என் மேஜைக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். போனில் குரல் ஏறும்போதெல்லாம் திரும்பி அவற்றைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே போட்ட உத்தரவு. பாதி நேரம் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலு டீக்கடைப் பக்கம் திரும்பி, "ஏழு டீ, கூட ஒண்ணு" என்றார். "கூட ஒண்ணு யாருக்கு, சனீஸ்வரனுக்கா?" என்று நான் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

திங்கட்கிழமை காலையில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் நிரப்பிப் பாலத்தின் மேல் வரிசையாக வைத்தோம். ஐம்பது மில்லி இறங்கும் என்று என் கணக்கு, நாற்பத்தேழு இறங்கியது. மத்தியானம் வரை வைத்துவிட்டு டிரம்மையெல்லாம் எடுத்ததும், பாலம் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அறக்கட்டளைக்காரர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். பாய் புதிதாக இனிப்பு வாங்கி வந்து எல்லோருக்கும் ஊட்டினார். வேலு இதில் எதையும் கவனிக்கவில்லை. அவர் கண் ரோட்டிலேயே இருந்தது.

"சொல்லியிருக்காங்களா, வரேன்னு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல மேடம். காலைல வேலைக்கு போறன்னு போனா."

நாலு மணி இருக்கும். ஒரு ஷேர் ஆட்டோ பிளாட்பாரத்தை ஒட்டி நின்றது. தேவானை இறங்கினார். குனிந்து, காலுக்குக் கீழே சிமெண்ட் கல்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். ஒரு அடி தள்ளி எங்கள் பாலத்தின் இரும்புப் பலகை. வேலு ஓடிப் போய்க் கையை நீட்டினார். அதைத் தட்டிவிட்டு, தானே ஏறினார்.

ஏறியதும் கீழே பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஹேங்கரைத் தொட்டு, தகட்டைத் திருப்பிப் பார்த்து, "ஒண்ணு" என்றார். அடுத்ததைத் தொட்டு, "ரெண்டு." நான் அவரை வந்து எண்ணச் சொன்னேனே, எண்ணத்தான் வந்திருக்கிறார். வேலு பின்னாலேயே போனார். நானும் போனேன். பாலம் எங்கள் காலுக்குக் கீழே லேசாக ஆடியது. மூணு, நாலு, அஞ்சு. கீழே கரைச்சரிவில் புல் முளைத்துக் கிடந்தது. ஆறு, ஏழு.

அடுத்த தகட்டில் ஒன்பது என்று இருந்தது. தேவானை அங்கேயே நின்றுவிட்டார்.

"எட்டு எங்கய்யா?"

வேலு தண்ணீரைப் பார்த்தார். தேவானை என்னிடம் திரும்பினார். "சனின்னியே மேடம். அன்னிக்கி ராத்திரியே கேட்டேன் இந்த ஆள, வாயத் தொறக்கல. நானே சொல்றேன் கேளு. கணக்கெடுக்க வந்தாங்க பாரு, எங்க வூட்டு கதவுல போட்ட நம்பரு எட்டு. செவப்பு பெயிண்ட்டு. இவரு செஞ்ச கதவு. எட்டுன்னு போட்ட மறுவாரம் வூடும் இல்ல, கதவும் இல்ல. அதான் இவுருக்கு எட்டு வராது."

எள் தீபம்! சனீஸ்வரனுக்கு ஒரு டீ! எல்லோர் முன்னாலும் நான் அடித்த கிண்டலுக்கெல்லாம் அவர் கூடவே சிரித்தாரே. கரையில் நின்ற மதுமதி என் முகத்தைப் பார்த்து, "என்ன ஆச்சு மேம்?" என்று கூவினாள். "ஒண்ணும் ஆகல, நீ உன் வேலையைப் பாரு!" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அப்படி விழாவிட்டால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

"எழுதுய்யா" என்றார் தேவானை.

"தேவானை..."

"நம்ம வூட்டு நம்பரு அது. அவங்க சொத்தா? எழுது."

பாய் கயிற்றுக் கோபுரத்தடியிலிருந்து நம்பர் குத்துகிற உளிப் பெட்டியையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். பெட்டியில் பத்து உளி. மற்றதெல்லாம் அடி வாங்கி அடி வாங்கித் தலை மழுங்கிக் கிடந்தது. எட்டு மட்டும் கடையிலிருந்து வாங்கின எண்ணெய்ப் பூச்சோடு பளபளவென்று இருந்தது. வேலு அதை எடுத்தார். ஒன்பது என்று இருந்த தகட்டைத் திருப்பினார். தேவானை அதைக் கைப்பிடிக் கம்பி மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். வேலு சுத்தியலை ஓங்கினார். முதல் அடி வழுக்கிவிட்டது.

"ஒழுங்கா அடி, என் வெரல் கீது" என்றார் தேவானை.

இரண்டாவது அடி சரியாக விழுந்தது. எட்டு.

தேவானை தகட்டை விரலால் துடைத்துவிட்டு, அப்போதுதான் கீழே பார்த்தார். "பூவரசு அப்பிடியே கீதுய்யா" என்றார். "அதுக்கு இந்தாண்ட, இதோ, இங்கதான்." வேலு, இல்லை, இன்னும் நாலடி தள்ளி என்றார். இரண்டு பேரும் கைப்பிடியில் சாய்ந்து அடுப்பு எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். அப்புறம் தேவானை நிமிர்ந்து, அந்த எட்டாம் நம்பர் ஹேங்கரை விரல் முட்டியால் தட்டினார். டங், டங். இரண்டே தட்டு.

வேலு பாதிப் புருவத்தைத் தூக்கினார். "யாரு?" என்றார்.

தேவானை ஆற்றங்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"நான்தான்யா, தொற!"